முப்பத்தேழரை டிகிரி

புருஷனைக் காணவில்லை என்று கூப்பிட்டால், வந்த இரண்டு பேரும் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். எடிட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுக் காலை ஏழு மணிக்குப் போன மனுஷன். இப்போது மணி பதினொன்று. நடுவில் ஒரு முழு இரவு போயாயிற்று. சமையலறையில் இன்சுலின் பேனா வைத்த இடத்திலேயே இருக்கிறது. நேற்று ராத்திரி ஊசி போடவில்லை, இன்று காலையும் போடவில்லை. டாக்டருக்கு ஃபோன் போட்டால், இன்று சாயங்காலத்துக்குள் ஆளைக் கொண்டுவந்து சேருங்கள், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்கிறார். காவல் நிலையத்தில் அவ்வளவுகூடச் சொல்லவில்லை. ஐம்பது வயது ஆண்பிள்ளை, வீட்டில் சண்டை, கோபம் ஆறினால் தானே வருவார் என்று எழுதிக்கொள்ளாமலே அனுப்பிவிட்டார்கள்.

சண்டை என்று அவள் தன் வாயாலேயே சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

வாடிக்கையாளர் ஒருவர் நம்பர் கொடுத்து, இந்த இருவரும் வந்திருந்தார்கள். துப்பறிகிறவர் ஒரு பெண்மணி, அறுபதை நெருங்கியவர். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம், எரிந்த கடைகளையும் ஆலைகளையும் குடைந்து தீ எங்கே பிடித்தது என்று சொன்னவர். எல்லாருக்கும் அவர் மேடம். யார் வீட்டிலும் உட்கார மாட்டார், கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. கூட வந்த நாற்பது வயது ஆசாமி ஒரு காலத்தில் வீடு வீடாக மின்சார ரீடிங் எடுத்தவன். வேலை போய்ப் பல வருஷம் ஆகியும் மீட்டர் என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. வாய் ஓயாத ஆள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியபோதுகூட, ஃப்ரிட்ஜுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அப்படியானால் காய்கறியை எங்கே, மேஜை மேலா வைப்பீர்கள் என்று கேட்டான்.

மேடம் கேட்ட முதல் கேள்வி வேறு. "அவர் வீட்டுல கடைசியா கை வெச்ச பொருள் எதும்மா?"

அதற்குத்தான் அவள் மாடிக்குக் கூட்டிவந்தாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. மத்தியானமானால் கம்ப்யூட்டர் சூடாகித் தானே அணைந்துவிடும். ஒவ்வொரு கல்யாணமும் பாதியில் நிற்கும். புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். யாரோ தூக்கிப்போட்ட ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து, தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் பலகைகளை உள்ளே மரச்சட்டத்தில் பொருத்தினார். ஒயர்கள் வெளியே வரும் ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தார். ஷூ டப்பாக்களில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அவற்றைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி உள்ளே தொங்கவிட்டார். மானிட்டரும் கீபோர்டும் வெளியே மேஜையில். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள்தான். ஆனால் ஆறு மாதம் ஒரு கல்யாணமும் நிற்கவில்லை.

அதற்கெல்லாம் மூளை ஃப்ரிட்ஜின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு சோப்பு டப்பா. அதற்குள் அவரே செய்த சர்க்யூட். மிளகளவு சென்சார் ஒன்று உள்ளே தொங்கும். சூடு இருபது டிகிரியைத் தொட்டால் ஃப்ரிட்ஜின் மோட்டாரை ஓடவிடும், பதினைந்துக்கு இறங்கினால் நிறுத்திவிடும். அதற்கும் கீழே போனால் பலகை வியர்க்கும், வியர்த்தால் செத்தது என்று அவர் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த சர்க்யூட்தான் போன வாரம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முந்தாநாள் கம்ப்யூட்டர் மூன்று தடவை நின்றுபோயிற்று. அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாத்தீங்க. வீட்டுல ஒரு பெட்டிய குளிரா வெக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டாள். அவர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒரு பச்சை சோப்பு டப்பாவில் புதிதாக ஒரு சர்க்யூட் செய்தார். நேற்று அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அதை மாட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார் என்றுதான் மத்தியானம் வரைக்கும் நினைத்தாள். அதற்குப் பிறகு ஃபோனில் கூப்பிட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

"ஃபோன் என்ன சொல்லுது? ஸ்விட்ச் ஆஃபா?"

இல்லை. ஒவ்வொரு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் சொன்னது. மேடம் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். ஃப்ரிட்ஜுக்குள் குனிந்தார். உள்ளே எல்லாம் வெள்ளையாகப் பனி மூடிக் கிடந்தது. ஈரப் பொட்டலங்கள் விறைத்துத் தொங்கின. பலகையில் ஐஸ் கட்டி, உருகி, மறுபடி கட்டியிருந்தது. கம்ப்யூட்டர் எப்போது செத்தது என்று அவளுக்குத் தெரியாது. இரவு முழுக்கத் தலைக்கு மேலே இந்த மோட்டார் ஒரு நிமிஷம்கூட ஓயாமல் உறுமியதை மட்டும் கேட்டுக்கொண்டு கீழே விழித்துக் கிடந்தாள்.

கதவு இவ்வளவு நேரம் திறந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. கை தானாகப் போய்ச் சாத்தப் பார்த்தது. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் அவருக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். பீரோ, ஜன்னல், குளியலறை, எதுவானாலும் உள்ளே போன மறுநொடி பின்னால் கையைவிட்டுச் சாத்திவிடுவார்.

மேடம் ஒரு தம்ளர் சூடான டீ கேட்டார். இந்த நேரத்தில் டீயா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கொண்டுவந்த டீயை மேடம் குடிக்கவில்லை. சென்சாரை எடுத்து அதற்குள் போட்டார். டப்பாவில் 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. சென்சாரைத் துடைத்துப் பனிமேல் வைத்தார். 'டக்'. மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"சூடு பட்டா நிக்குது, குளிர் பட்டா ஓடுது" என்றார் மேடம்.

மீட்டர் தலையை ஆட்டினான். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார் மேடம். வேலை இருந்தா லீவு போடுவார், வேலை இல்லன்னா ஓவர்டைம் பாப்பார்."

எடிட்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் விஷயம் அவளுக்கும் புரிந்துவிட்டது. தலைகீழாக வேலை செய்கிறது சர்க்யூட். குளிர குளிர இன்னும் குளிரவைக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஃப்ரிட்ஜோடு மல்லுக்கட்டிய மனுஷன் தூக்கத்தில்கூட இப்படி இணைப்புக் கொடுக்க மாட்டார் என்றார் மேடம். குளிரூட்டுகிறவர்களுக்கு, சூடானால் இணை என்பதுதான் பாடம். சூடானால் வெட்டு என்பது சூடு போடுகிறவர்களின் பாடம். அடுப்பு, ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, எல்லாம் அப்படித்தான்.

"இது ஹீட்டர் வேலை பாக்கற கை" என்றார்.

ஹீட்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஊரில் ஹீட்டர் பழுது பார்க்கிறவர்களில் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கூடப் பிறந்த அண்ணன்.

மீட்டரின் காரில் பின்கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்க்க முடியாது, முன்பக்கமாக ஏறி உள்ளே தவழ்ந்து போங்கள் என்றான். தவழ்ந்துதான் போனாள். போகிற வழியில் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணனும் அவள் புருஷனும் சேர்ந்துதான் கடை வைத்திருந்தார்கள். இவர் குளிர், அவர் சூடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுப் பரணில் வேலை செய்துகொண்டிருந்தபோது சர்க்கரை திடீரென்று குறைந்து இவர் மயங்கி விழுந்தார். ஏணிமேல் நின்றிருந்தால் கழுத்து முறிந்திருக்கும். இனி நீ கடைக்கு வராதே, வீட்டில் இரு என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவளும் தன் பங்குக்கு, வெளிவேலை எதற்கும் தனியாகப் போகமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அண்ணன் கையைக் கட்டினார், அவள் காலைக் கட்டினாள். இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றியது.

அண்ணனின் கடையில் வெந்நீர் ஹீட்டர்கள் வயிறு திறந்து வரிசையாகக் கிடந்தன. உப்புப் பூத்த காயில்கள் ஒரு வாளியில் ஆசிட்டில் ஊறின. அவள் அந்த வாளியைத் தாண்டிப் போய் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவரை என்ன பண்ணினே, எங்கே வைத்திருக்கிறே என்று கத்தியதில், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காணோமா, எப்போதிலிருந்து என்று இரண்டு தடவை கேட்டார்.

மேடம் சோப்பு டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

அண்ணன் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சென்சார் ஒயரைச் சுற்றியிருந்த வெள்ளை நூலை விரலால் தடவினார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல். இழுத்தால் இறுகுகிற முடிச்சு, ஒன்றன் மேல் ஒன்றாக எட்டு.

"இது மாப்பிள்ளை கட்டு பாப்பா. வேற யாருக்கும் வராது. எனக்கே சொல்லிக்குடுத்துப் பாத்தான், வரல."

அவள் சட்டையை விட்டாள். இவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ள ஒரு ஆளாவது இருந்தார். இப்போது அதுவும் இல்லை. அவர் கையாலேயே செய்திருக்கிறார். தலைகீழாகச் செய்திருக்கிறார். சர்க்கரை ஏறி, புத்தி தடுமாறி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டு, அதே தடுமாற்றத்தில் எங்கேயாவது நடந்து போய்விட்டாரா? எந்த ரோட்டில் விழுந்து கிடக்கிறார்? அவள் ஒரு ஹீட்டர் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தடுமாற்றத்துல எட்டு முடிச்சு ஒரே அளவா விழாதும்மா" என்றார் மேடம். பிறகு அண்ணனிடம் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. சின்ன ஸ்டவ்வில் ஒரு பாத்திரம் தண்ணீர் ஏறியது. சென்சாரையும் தெர்மாமீட்டரையும் ஒன்றாகக் கட்டி உள்ளே விட்டார்கள். டப்பாவில் ஒரு பல்பை இணைத்தார் அண்ணன். பல்பு எரிந்தது. முப்பது. முப்பத்து நாலு. முப்பத்தாறு. நான்கு பேரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தேழு. மேலும் அரை டிகிரி ஏறியது. 'டக்'. பல்பு அணைந்தது.

வெந்நீர் ஹீட்டர் அறுபதில்தான் வெட்டும், இந்தக் கணக்கில் எந்த ஹீட்டரும் கிடையாது என்றார் அண்ணன். குழந்தை குளிப்பாட்டுகிற தண்ணீர் என்று மீட்டர் சொல்லிப் பார்த்தான்.

மேடம் கிராம்பைத் துப்பினார். "முப்பத்தேழரை. கோழி அடைகாத்தா முட்டைக்குக் கிடைக்கிற சூடு."

அண்ணன் ஸ்டவ்வை அணைத்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கோழித்தீவனக் கடைக்காரர் ஒருவர் அவரிடம் மூன்று கிலோவாட் காயில் வாங்கிக்கொண்டு போனார். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் பழைய குளிர்பதனக் கிடங்கில் ஓர் அறையை எடுத்திருக்கிறாராம். குஞ்சு பொரிக்கிற அறையாக மாற்றப் போகிறாராம். மாட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று அண்ணன் கேட்டதற்கு, உங்கள் பழைய கூட்டாளியே ஒத்துக்கொண்டார், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றார் என்று சொல்லிச் சிரித்தாராம்.

"நானும் சொல்லல பாப்பா. போய்ப் பாத்துட்டு வரட்டும், மனுஷனுக்கு ஒரு வேலையாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எடிட்டரம்மாவுக்கு அப்போது இரண்டு சோப்பு டப்பாக்கள் ஞாபகம் வந்தன. போன மாதம் அவள்தான் வாங்கிவந்தாள், ஒரே பச்சை, ஒரே அளவு, ஜோடியாக. இரண்டுமே குளியலறையிலிருந்து காணாமல் போய்விட்டன. எங்கே என்று கேட்டதற்கு அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். ஒரு சாயங்காலத்தில் இரண்டு சர்க்யூட் செய்திருக்கிறார். ஒன்று பெட்டியைக் குளிர வைக்க, இன்னொன்று முட்டையைச் சூடாக வைக்க. காலையில் அவள் குளித்து முடிப்பதற்குள் ஓடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் டப்பா மாறிப்போயிற்று.

அவள் அதைச் சொல்லி முடித்தபோது மேடம் கார்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டே சொன்னார்.

"முட்டை டப்பா இங்க வந்ததால குளிர் நிக்கவே இல்ல. அப்ப உங்க டப்பா அங்க போயிருக்கு. சூடானா இணைக்கும். இணைச்சா இன்னும் சூடாகும். அங்க சூடு நிக்காதும்மா."

சூடானால் வெளியே வந்திருப்பாரே, அவ்வளவு பெரிய ஆளுக்கு அது தெரியாதா என்று அண்ணன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வந்திருக்க மாட்டார் என்று அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. உள்ளே போன மறுநொடி பின்னால் கையைவிட்டிருப்பார். அடைகாக்கிற அறையாக இருந்தால் என்ன, கதவைப் பார்த்தால் அந்தக் கைக்குக் குளிர்சாதன அறைதான். சாத்தியிருப்பார்.

"சாத்தினா திறக்க உள்பக்கம் ஒரு குமிழ் இருக்குமே" என்றாள்.

"இருக்கணும். பத்து வருஷமா மூடிக் கிடக்கற கிடங்கு" என்றார் மேடம். "நாலு பக்கமும் தகடு அடிச்ச அறை. உள்ள ஃபோன் எடுக்காது."

கார் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அண்ணன் தீவனக் கடைக்காரருக்கு விடாமல் அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மீட்டர் வழியெல்லாம் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. எடிட்டரம்மா மனசுக்குள் வேண்டியது ஒன்றுதான். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு அவர் போய்விடக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் ஆகட்டும், அது மட்டும் கடைசி வார்த்தையாக இருக்கக் கூடாது.

கிடங்கின் முற்றத்தில் பன்னிரண்டு கதவுகள். ஒரு சாண் தடிமன், எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எதிலும் எண் இல்லை. பன்னிரண்டிலும் பூட்டு. ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லையே என்று காவல்காரரைப் பிடித்துக் கேட்டார்கள். சாவியெல்லாம் அறை எடுத்தவர்களிடம், தன்னிடம் இல்லை என்றார் அவர். நேற்று யாராவது வந்தார்களா? தெரியாது, நான் சாயங்காலம்தான் வந்தேன் என்றார். வந்ததும் ஒரு சுற்று சுற்றினாராம். ஏதோ ஒரு கதவில் பூட்டு திறந்தபடி தொங்கியதாம். மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அமுக்கிவிட்டாராம். எது என்று கேட்டதற்கு, இந்த வரிசையில் ஒன்று என்று கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீசிக் காட்டினார்.

அவள் முதல் கதவிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். தட்டுகிற சத்தம் அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. குளிர் கசியக் கூடாது என்று கட்டிய சுவர்கள். சத்தம் எப்படிக் கசியும்? இரண்டு, மூன்று, நான்கு என்று கதவுக்குக் கதவு ஓடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள் "என்னங்க, என்னங்க" என்று கத்தினாள். அண்ணன் முதல் பூட்டில் கடப்பாரையை மாட்டித் தொங்கினார். அது அசைவதாக இல்லை. இப்படிப் பன்னிரண்டையும் உடைத்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

மீட்டர் கதவுகள் பக்கமே வரவில்லை. வாசலில் தகரக் கூண்டுக்குள் பன்னிரண்டு மின்சார மீட்டர்கள் கதவுகளின் வரிசைப்படியே இருந்தன. எந்த அறையில் காயில் எரிகிறதோ அந்த மீட்டரின் சக்கரம் பறக்கும், ஒரே நிமிஷம் கொடுங்கள் என்று ஓடியவன், கூண்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான். அவள் ஓடிவந்து பார்த்தாள். பன்னிரண்டு சக்கரமும் நின்றுகிடந்தன. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இந்த ஆள் பேசாமல் நின்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அட்டையப் பாரு" என்றார் மேடம் பின்னாலிருந்து.

ஒவ்வொரு மீட்டரிலும் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. ரீடிங் எடுக்க வருகிறவர் எழுதிவிட்டுப் போகிற எண். கடைசியாக எழுதி நாலு நாள்தான் ஆகியிருந்தது. மீட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். மூடிக் கிடக்கிற அறைகள், அட்டையில் இருந்த எண்ணே மீட்டரிலும் இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒன்பதில் அவன் விரல் நின்றது.

"மூணு யூனிட் ஏறியிருக்கு மேடம். மூணு கிலோவாட் காயில். சரியா ஒரு மணி நேரம் ஓடியிருக்கு."

ஒன்பதின் ஃப்யூஸைப் பிடுங்கினான். பீங்கான் முழுக்கக் கருகியிருந்தது. காயில் தானாகத் தீய்ந்தால் ஃப்யூஸ் இப்படிக் கருகாது என்றார் மேடம். இரண்டு ஒயரை வேண்டுமென்றே ஒன்றாக உரசினால்தான் இப்படி ஆகும். எரிந்ததைப் பார்ப்பதே முப்பது வருஷம் அவர் வேலை.

"உள்ள இருந்தவர் நிறுத்தியிருக்கார். நேத்து அந்த நேரத்துக்கு நல்ல நினைவோட இருந்திருக்கார்."

நேற்று. அவள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஒன்பதாவது கதவுக்கு ஓடினாள்.

பூட்டு நாலாவது அடியில் தெறித்தது. இரும்புத் தாழை அண்ணனும் மீட்டரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு திறந்ததும் வெந்த காற்று முகத்தில் அடித்தது. கருகிய நெடி. இருட்டு. உள்பக்கம் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. எந்தக் காலத்திலோ யாரோ பித்தளைக்காகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவர் தரையோரத்தில் கிடந்தார். குஞ்சுகளுக்குக் காற்று வரட்டும் என்று சுவரில் கீழாகப் போட்டிருந்த கையளவு துவாரத்தில் முகத்தை வைத்தபடி, சட்டையில்லாமல், குப்புற. பக்கத்தில் பெரிய தகரத் தட்டு. முட்டை காயாமல் இருக்க அடைகாக்கிற அறையில் தண்ணீர் வைப்பார்களே, அந்தத் தட்டு. ஒரு சொட்டு இல்லாமல் காலியாக இருந்தது.

எடிட்டரம்மா பக்கத்தில் விழுந்தாள். புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். முகம் சுருங்கி, உதடு வெடித்து, இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தார். மேடம் மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்தார். அவர் கீழே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்த விரலை எடுப்பதற்குள் அவளுக்கு இன்னொரு இருபத்தெட்டு மணி நேரம் போன மாதிரி இருந்தது.

"இருக்கார்" என்றார் மேடம். "ஆம்புலன்ஸ்."

மீட்டர் ஏற்கெனவே ஃபோனோடு வெளியே ஓடியிருந்தான்.

அண்ணன் ஈரத்துணியை உதட்டில் பிழிந்தார். மூன்றாவது சொட்டில் அவர் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் தாங்காமல் மூடி, மறுபடி திறந்தார். மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இந்த இருட்டில் கிடந்த இத்தனை நேரமும் அவர் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"டப்பா மாறிப்போச்சு" என்றார். காற்றுதான் வந்தது, குரல் இல்லை. "பெட்டி... குளிர்ந்துச்சா?"

அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

"ஐஸே கட்டிடுச்சுங்க. அதனாலதான் நீங்க கிடைச்சீங்க."

அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. வெடித்த உதட்டில் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. மூன்று கல்யாணமும் ஒரு வாரத்து உழைப்பும் அந்த ஐஸில் போயிருந்தன. போகட்டும் என்று நினைத்தாள். அந்தப் பெட்டிக்கு அவள் கோயிலே கட்டுவாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் ஊசியை ஏற்றி, சீக்கிரம் சீக்கிரம் என்றார். அண்ணன் தலைமாட்டிலும் மீட்டர் கால்மாட்டிலும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். இந்தத் தடவை பின்கதவு கயிறு இல்லாமல் திறக்கும் என்று மீட்டர் முணுமுணுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

வாசலைத் தாண்டும்போது அவர் கை ஸ்ட்ரெச்சரிலிருந்து மெதுவாக எழுந்தது. கண் மூடித்தான் இருந்தது. கை மட்டும் பின்னால் நீண்டு, கதவின் விளிம்பைத் தேடித் துழாவியது.

எடிட்டரம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "திறந்தே இருக்கட்டும்."